பூண்டு சாப்பிட்ட அம்மாவின் பாலைக் குழந்தை ஏன் விடாமல் குடிக்கிறது?

[திரையில்: வாணலியில் நல்லெண்ணெய். உரித்த பூண்டுப் பற்கள் மெதுவாகச் சிவக்கின்றன.]

இந்த வாசனை வந்துவிட்டால் அந்த வீட்டில் பச்சை உடம்புக்காரி இருக்கிறாள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனால் வாசனை தெருவோடு நிற்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் தாய்ப்பாலுக்குள்ளும் போய்விடுகிறது!

வணக்கம். 1991இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லாவும் அவருடைய சக ஆய்வாளரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு நாள் பூண்டு மாத்திரை, இன்னொரு நாள் பூண்டு இல்லாத மாத்திரை. அப்புறம் அந்தப் பாலைப் பெரியவர்களிடம் முகரக் கொடுத்தார்கள். பூண்டு மாத்திரை போட்ட இரண்டாவது மணி நேரத்தில் பாலின் வாசனை உச்சத்தில் இருந்தது. குழந்தை முகத்தைச் சுளிக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பூண்டு வாசனை அடித்தபோது குழந்தைகள் கூடுதல் நேரம் மார்பிலேயே இருந்தன, அதிகமாகச் சப்பின.

பத்து வருடம் கழித்து அதே மையத்தில் கேரட் சாறு. கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ அம்மா கேரட் சாறு குடித்திருந்தால், பிறகு கேரட் கலந்த கூழ் ஊட்டும்போது குழந்தை முகம் சுளிப்பது குறைந்தது. அதாவது அம்மா சாப்பிடுகிற ரசமும் கீரையும் மீன் குழம்பும் குழந்தைக்கு முதல் ருசிப் பாடம். எனக்கு இதை நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, வாசனை போகிறது. சத்து?

பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் மொத்தக் கொழுப்பும் அம்மா என்ன சாப்பிட்டாலும் பெரிதாக மாறாது. கொழுப்பின் வகை மட்டும் மாறும்.

கால்சியமும் அப்படித்தான். அம்மாவின் சாப்பாட்டில் குறைந்தாலும் பாலில் குறையாது. அப்படியானால் எங்கிருந்து வருகிறது? அவளுடைய எலும்பிலிருந்து. பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை குறையலாம். அவசரத்துக்கு நகையை அடகு வைப்பது போலத்தான் இது. பால் நிறுத்தியபின் உடம்பு பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். ஆனால் மீட்கவும் முதல் வேண்டுமே! கேழ்வரகு, பால், மோர், முருங்கைக்கீரை எல்லாம் அதற்குத்தான். "பால் நல்லாத்தானே வருது, குழந்தை நல்லாத்தானே இருக்கு" என்று அம்மாவின் தட்டைக் கவனிக்காமல் விடுவது எனக்கு ஆறாத கோபம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சில சத்துகள் அம்மாவிடம் குறைந்தால் பாலிலும் குறைந்துவிடும். அயோடின், வைட்டமின் ஏ, பி12, எல்லாவற்றுக்கும் மேலாக பி1.

பி1 கதையில் நம் புழுங்கலரிசி வருகிறது. நூறு வருடங்களுக்கு முன் மலாயாவில், பி1 குறைவால் வரும் பெரிபெரி என்ற நோய் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்தது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நிறைய வந்தது. பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அதிகம் வரவில்லை. அவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி! 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு பகுதி நோயாளிகளுக்கு வெள்ளை அரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. காரணம் எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுதும் போகாது.

இதற்கும் தாய்ப்பாலுக்கும் என்ன சம்பந்தம்? அதே காலத்தில் மணிலாவில், தீட்டிய அரிசியே கதி என்றிருந்த தாய்மாரின் கைக்குழந்தைகள் சாகக் கண்டார்கள். இரண்டு மூன்று மாதக் குழந்தை. வாய் திறந்து அழும், சத்தம் வராது. மூச்சு இரைக்கும், இதயம் தளரும். தவிட்டுச் சாறு கொடுத்தபோது பிழைத்தன. பழைய கதை என்று தள்ள முடியாது. காஷ்மீரில் இந்தக் காலத்திலும், பிரசவத்துக்குப் பின் ஒடுக்கமான உணவு சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு இது வந்திருக்கிறது. பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தேறுகிறது.

இப்போது நம் பத்தியத்தைப் பாருங்கள். "பருப்பு வேண்டாம், வாயு. பயறு வேண்டாம், குழந்தைக்கு வயிறு ஊதும்." நான்கைந்து தண்ணீர் கழுவிக் கஞ்சியும் வடித்த சோறு, மிளகு ரசம், அவ்வளவுதான். அம்மா குடலில் உண்டாகும் வாயு பாலுக்குள் போகாது. பருப்பையும் பயறையும் வேர்க்கடலையையும் நிறுத்தினால் போவது பி1தான். பூண்டு தாராளமாக இருக்கட்டும், பக்கத்தில் பருப்பும் இருக்கட்டும்.

பி12 பால், முட்டை, மீன், கறியில்தான். இவை எதையுமே தொடாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை போட்டே ஆகவேண்டும். குழந்தை வெளுத்து, சோர்ந்து, கற்றுக்கொண்ட சிரிப்பையே மறந்துபோகிற நிலை வரை போகலாம். வைட்டமின் டி தாய்ப்பாலில் எப்போதுமே குறைவு, அதனால்தான் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து.

கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு என்மேல் கோபப்படாதீர்கள். பால் ஊற சுறா புட்டு கொடுப்போம் இல்லையா? பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். அமெரிக்க அரசின் உணவு அறிவுரையில் பாலூட்டும் பெண்கள் தவிர்க்கவேண்டிய மீன்களில் சுறாவும் உண்டு. மத்தியும் நெத்திலியும் வாங்குங்கள். பாதரசம் குறைவு, குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் கிடைக்கும்.

கடைசியாகத் தண்ணீர். என் அக்கா பிள்ளை பெற்றிருந்தபோது, "தண்ணி குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று அரை டம்ளர் வெந்நீர்தான் கொடுத்தார்கள். ஒரு நாள் நடுராத்திரி சமையற்கட்டில் சத்தம் கேட்டுப் போனேன். இருட்டில் குடத்தைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள், சட்டையெல்லாம் ஈரம். "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றாள். சளி கிருமியால் வருவது. தாய் ஒரு நாளில் சுரக்கும் பால் முக்கால் லிட்டருக்குப் பக்கம், அதில் பெரும்பகுதி தண்ணீர். பால் கொடுக்க உட்கார்ந்ததுமே நாக்கு வறளும். அவள் உட்காரும் இடத்தில், கை எட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் பச்சை உடம்புக்காரிக்கு எதையெல்லாம் தடுத்தார்கள்? கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.