அப்பாயியின் வருஷக்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். மலையக வரலாறு, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர் வரலாறு, என்று கூட்டம் போட்டாலே 1948, ஒப்பந்தம், நாடு திரும்பல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். இன்றைக்கு எங்கள் அப்பாயியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அவர் பிறந்தது 1931இல், இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்த அதே வருஷம். அப்போது வாக்குப் போட 21 வயதாக வேண்டும், அவருக்கு 21 ஆனது 1952இல், அதற்குள் எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருஷம் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்து, 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனத்தில் பெரும்பாலானோருக்கு வாக்காளர் இடாப்பில் பெயரே இல்லை. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அவர் கைக்குக் குடியுரிமைப் பத்திரம் வந்தது. முதல் வாக்கு 1994இல். வயது 63.

சரி, நாற்பத்தெட்டைப் பற்றிக் கேட்டால்? "என்னத்தக் கண்டோம், அன்னைக்கும் பெரட்டுக்குப் போயிருப்போம்." பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், எந்தச் சட்டம் வந்தாலும் அது மட்டும் போகவில்லை. அவர் கணக்கே வேறு: சின்னவன் பிறந்த வருஷம், கூரைத் தகரம் காற்றில் போன வருஷம், பெரியண்ணன் கோச்சி (ரயில்) ஏறின வருஷம்.

அந்தக் கடைசி வருஷத்துக்கு நாம் வைத்திருக்கிற பெயர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1964இல் டெல்லியில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத எங்கள் சனம் 975,000 பேரை இரண்டு அரசும் பங்கு போட்டார்கள்: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! அப்பாயியின் பெரியண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டார், தாத்தா இலங்கைக்கு. ஹட்டன் ஸ்டேஷனில் தகரப்பெட்டியை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளியதையும், அண்ணி பிளாட்பாரத்தில் விழுந்து புரண்டதையும் அப்பாயி சொல்லும்போது பெட்டியின் பூட்டு என்ன நிறம் என்பதுகூட வரும். தலைமன்னாரில் கப்பலேறிப் போன அண்ணனுக்குக் கடைசியில் கிடைத்த வேலை என்ன? கோத்தகிரிப் பக்கம், திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட தோட்டத்தில், அங்கேயும் தேயிலைதான்.

அப்புறம் எழுபத்துநாலு பஞ்சம். எண்ணெய் விலை, அந்நியச் செலாவணி என்று நான் விளக்கப் போனால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். கல்யாணத் தோட்டைக் கொடுத்து இரண்டு கொத்து அரிசி வாங்கினார், அதிலும் ஒரு கொத்து புழுத்த அரிசி. அதுதான் அவருக்கு 1974.

முன்வரிசையில் எண்பது தாண்டியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், சாப்பாடு வர இன்னும் நேரம் இருக்கிறது. பிள்ளைகள் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பிரஜாவுரிமைச் சட்டம் என்று தொடங்கிவிடாதீர்கள், யார் யார் கோச்சி ஏறினார்கள், ரேஷன் கூப்பனுக்கு எவ்வளவு மா கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டை நாம் பிறகு தேடிக்கொள்ளலாம்.