பெயர் தைத்த ஜெர்சி வாங்காதீர்கள்: ஒரு மார்லிஸ் ரசிகனின் ட்ரேட் காலம்

வணக்கம் உறவுகளே. கமரா கொஞ்சம் ஆடும், குறை நினைக்க வேண்டாம். ஃபோனை அரிசி டின்னில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஸ்காபரோவில் வெளியே பனி கொட்டுகிறது, அதனால் இன்றைக்குச் சமையலறைதான் ஸ்டுடியோ.

முதலில் இதைப் பாருங்கள். ரொறன்ரோ மார்லிஸ், எங்கள் ஐஸ் ஹொக்கி அணியின் ஜெர்சி. பின்பக்கம் திருப்புகிறேன், எழுத்துத் தெரிகிறதா? ரைக்கல். கேர்பி ரைக்கல். 2018 ஜனவரியில் ஆசை ஆசையாய்ப் பெயர் தைக்கக் கொடுத்து வாங்கினேன். பெப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை, ஆளை மொன்ட்றியலுக்கு ட்ரேட் பண்ணிவிட்டார்கள். ஒழுங்காக நாலு தரம்கூடப் போடவில்லை. மடிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது, பாருங்கள்.

திரும்பவும் ட்ரேட் காலம், அதாவது அணிகள் ஆட்களைக் கைமாற்றும் காலம் வந்துவிட்டது, அதனால் அந்த சீசனைப் பற்றிக் கதைக்கலாம் என்று நினைத்தேன்.

மார்லிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரொறன்ரோவின் பெரிய அணி மேப்பிள் லீஃப்ஸ் விளையாடுவது என்எச்எல், வட அமெரிக்காவின் முதல்தர ஹொக்கி லீக். அதற்கு ஒரு படி கீழே ஏஎச்எல், 1936இல் தொடங்கிய லீக். அங்கே லீஃப்ஸுக்காக ஆள் தயார்படுத்தும் அணிதான் மார்லிஸ். ஓர் ஆட்டத்தில் கோல்காப்பாளர்களை விட்டால் 18 பேர் இறங்கலாம், அதில் 13 பேர் அனுபவம் குறைந்த, இன்னும் வளர வேண்டிய வீரர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நல்ல வீரர்களில் பலருடைய ஒப்பந்தம் லீஃப்ஸோடுதான். அதனால் லீஃப்ஸ் கேட்டால் மார்லிஸ் கொடுக்க வேண்டியதுதான், மறுபேச்சு இல்லை.

என் அப்பா ஊரில் மிளகாய்த் தோட்டம் செய்தவர். நான் இதை அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இது நாற்றுமேடை. கன்று நிமிர்ந்தால் பிடுங்கத்தானே வேணும்."

எனக்கு அது மண்டையில் ஏற அந்த ரைக்கல் ட்ரேட் தேவைப்பட்டது.

நடந்தது இதுதான். அந்த 2017-18 சீசனில் மார்லிஸ் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 76 ஆட்டத்தில் 54 வெற்றி, 112 புள்ளி, முழு லீக்கிலும் முதலிடம். ஷெல்டன் கீஃப் பயிற்றுநர், கரெட் ஸ்பார்க்ஸ் கோலில். லீஃப்ஸும் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஆனால் நடு இடத்தில் விளையாட ஒரு அனுபவசாலி வேண்டும் என்று தோமஸ் பிளெகானெட்ஸை மொன்ட்றியலிடம் கேட்டார்கள். அதற்கு விலை என்ன? எங்கள் ரைக்கல், எங்கள் பின்வரிசை ரினாட் வலியேவ், அதோடு இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. யாருக்கோ கார் வாங்க எங்கள் வீட்டு நகையை அடகு வைத்த மாதிரி.

இன்னொரு கொடுமை கேளுங்கள். மொன்ட்றியலின் ஏஎச்எல் அணி லவால் றொக்கெட், அந்த வருடம் அட்டவணையின் அடியில் கிடந்தது. லீக்கில் முதலிடத்தில் இருந்த அணியின் உடைமாற்றும் அறையில் சாமானைக் கட்டிக்கொண்டு அங்கே போக வேண்டும். அந்தப் பொடியன்கள் என்ன பிழை செய்தார்கள்? நன்றாக விளையாடினார்கள், அதனால் விலை போனார்கள். அவ்வளவுதான்.

பிளெகானெட்ஸ்? முதல் சுற்றிலேயே லீஃப்ஸ் பொஸ்டனிடம் தோற்றது. ஜூலையில் அவர் திரும்பவும் மொன்ட்றியலோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போய்விட்டார். நகையும் போச்சு, காரும் போச்சு.

சரி, முழுக்கப் புலம்பவும் கூடாது. அந்த ட்ரேட்டில் மொன்ட்றியலில் இருந்து ஒருவர் எங்களுக்கும் வந்தார், கைல் போன். பெயரைக் கேட்டதும் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய தாத்தா பொப் போன். 1964இல் என்எச்எல் கிண்ணமான ஸ்டான்லி கப்பின் இறுதிச் சுற்றில், ஆறாவது ஆட்டத்தில், கால் எலும்பு உடைந்த நிலையில் திரும்பி வந்து ஓவர்டைமில் லீஃப்ஸுக்கு கோல் அடித்தவர். பேரன் ரொறன்ரோவுக்கு வந்தபோது எனக்கு ரைக்கல் துக்கம் கால்வாசி குறைந்தது என்று சொல்லலாம். கால்வாசிதான்.

அப்புறம் மார்ச். ஏஎச்எல்லில் சீசன் கடைசியில் என்ன நடக்கும் தெரியுமா? வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டம் வைப்பார்கள். மூன்றாம் நாள் ஆட்டத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். முதல் பீரியட்டில் பக்கை, அந்த ரப்பர் வட்டை, துரத்துகிற கால் மூன்றாவது பீரியட்டில் இழுபடும். பெஞ்சுக்கு வந்தவன் உட்காரமாட்டான், ஸ்டிக்கை முழங்காலுக்குக் குறுக்கே ஊன்றிக் குனிந்து நிற்பான், மூக்கு நுனியில் இருந்து வியர்வை சொட்டும். டிவியில் லீஃப்ஸ் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. லீஃப்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் காசில் நானும் அப்பாவும் மார்லிஸுக்குப் பல தரம் போய் வரலாம், கண்ணாடிப் பக்கமே கிடைக்கும்.

அந்த அரங்கம் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம் அதன் வயது. எக்ஸிபிஷன் பிளேஸில் 1921இல் கட்டிய கட்டடம். நான் சொல்லும் அந்த சீசனில் பெயர் ரிகோ கொலிசியம், இப்போது கோக்கா-கோலா கொலிசியம். நவம்பரில் ராயல் விவசாயக் கண்காட்சி வந்துவிட்டால் ஐஸ் இருந்த இடத்தில் குதிரைகள் பாயும், எங்கள் அணி ஊர் ஊராய்த் திரியும். குதிரைக்கு இடம் விட்டுக் கொடுக்கிற ஹொக்கி அணி வேறு எங்கே இருக்கிறதோ.

மார்ச்சில் அடுத்த இடி. அந்திரேயாஸ் யோன்சன், சுவீடன்காரர், 54 ஆட்டத்தில், கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, 54 புள்ளி எடுத்து வைத்திருந்தார். நிமிர்ந்த கன்று! லீஃப்ஸ் கூப்பிட்டார்கள், 14ஆம் தேதி டல்லாஸுக்கு எதிராக என்எச்எல்லில் இறங்கினார். முன்பு லீஃப்ஸின் இளைய அணி நியூஃபவுண்ட்லாந்தில், சென்ட் ஜோன்ஸில் இருந்தது, கூப்பிட்டால் விமானம் ஏறி வர வேண்டும். 2005இல் ரொறன்ரோவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது ஸ்ட்ரீட்கார் தூரம்தான். பிடுங்குவது இன்னும் சுலபம்.

ஆனால் ஒரு சட்டம் எங்களுக்குக் கை கொடுத்தது. ட்ரேட் கெடு முடிகிற நாள் பிற்பகல் 3 மணிக்கு யார் ஏஎச்எல் அணியின் பட்டியலில் இருக்கிறாரோ, பொதுவாக அவர்தான் பிறகு ஏஎச்எல் பிளேஓஃப், அதாவது சீசன் முடிந்தபின் கிண்ணத்துக்கு நடக்கும் சுற்றுகள், ஆடலாம். பெப்ரவரி 26 அன்று யோன்சன் மார்லிஸில்தான் இருந்தார். அதாவது லீஃப்ஸ் தோற்றால், ஆள் திரும்பி வரலாம்.

இப்போது ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். ஏப்ரல் 25, பொஸ்டனில் ஏழாவது ஆட்டம். லீஃப்ஸ் 7-4 என்று தோற்றது. வீட்டில் மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறான். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். யோன்சன் வருகிறான்! இதை மச்சான் இந்த வீடியோவில்தான் முதன்முதல் கேட்கப் போகிறான். மன்னித்துக்கொள்ளடா.

யூட்டிக்காவோடு முதல் சுற்று ஐந்தாவது ஆட்டம் வரைக்கும் இழுத்தது, எனக்கு நகமே மிஞ்சவில்லை. அதைத் தாண்டியபின் சிரக்கியூஸை 4-0, லீஹாய் வேலியை 4-0 என்று ஆட்டக் கணக்கில் வென்றோம். இறுதிச் சுற்றில் டெக்ஸஸ் ஸ்டார்ஸ், அது ஏழு ஆட்டம் போனது. ஜூன் 14, வியாழக்கிழமை இரவு, கொலிசியத்தில் 6-1 வெற்றி. ஏஎச்எல் கிண்ணமான கால்டர் கப் எங்களுக்கு. திரும்பி வந்த யோன்சன் 16 ஆட்டத்தில் 24 புள்ளி, பிளேஓஃபின் சிறந்த வீரர் அவர்தான்.

அன்றைக்கு எந்த ஜெர்சி போட்டுக்கொண்டு போனேன் என்று நினைக்கிறீர்கள்? இதைத்தான். வேறு இல்லையே. பின் வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா முதுகில் தட்டி, "இவனும் பாதித் தூரம் இழுத்தவன்தான்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது, உண்மையாக.

அந்தக் கப்பைத் தூக்கியவர்கள் எங்கே? கார்ல் குருண்ட்ஸ்ட்ரோம் 2019 ஜனவரியில் ஜேக் மஸினுக்கு விலையாக லொஸ் ஏஞ்சலஸ் போனார். ட்ரெவர் மூர் 2020 பெப்ரவரியில் அதே ஊருக்கு, ஜாக் காம்பெல் வந்த ட்ரேட்டில். அதே மாதம் மேசன் மார்ச்மென்ட் ஃபுளோரிடாவுக்கு. அந்த ஒக்டோபரில் யோன்சனும் நியூஜேர்சிக்கு. கீஃபைக்கூட விடவில்லை, 2019 நவம்பரில் லீஃப்ஸுக்குப் பயிற்றுநராக மேலே எடுத்துவிட்டார்கள். மூரும் மார்ச்மென்டும் வெளியே போய்த்தான் பெரிய ஆட்களானார்கள். லீஃப்ஸ் ரசிகர்கள் இப்போது, "அடடா, விட்டுவிட்டோமே" என்கிறார்கள். நாங்கள் அப்போதே கத்தினோம், கேட்க ஆள் இருக்கவில்லை.

சரி, இப்போது இதைப் பாருங்கள். புது ஜெர்சி. திருப்புகிறேன். ஒன்றுமில்லை, வெறும் முதுகு. கடையில் இருந்த பிள்ளை, "பெயர் தைக்கவா அண்ணா?" என்று கேட்டது. அப்பா எனக்கு முன்னால், "வேண்டாம் பிள்ளை" என்றார்.

நாளை 4 மணி ஆட்டம். கோ ட்ரெயினில் எக்ஸிபிஷன் ஸ்டேஷனில் இறங்கினால் நடை தூரம்தான். பனி நிற்காவிட்டால் ஒரு மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட வேண்டும், அப்பாவுக்கு இப்போதே சொல்லி வைக்கப் போகிறேன். அரிசி டின்னையும் அம்மா கேட்கிறா. வைக்கிறேன்.