குப்பை லாரி ஓட்டுநர்களிடம் யாருமே மைக் நீட்டவில்லை

வணக்கம் மக்களே! வந்துவிட்டது, நான் இரண்டு வீடியோவாகப் புலம்பிய அந்தப் புத்தகம். 'பேட் நியூஸ்', 1976, பிரிட்டன் டிவி செய்திகளை அலசி கிளாஸ்கோ பல்கலைக்கழக மீடியா குரூப் என்ற ஆய்வுக் குழு எழுதியது. ஆனால் பாருங்கள், இதை முன்பு வைத்திருந்த புண்ணியவான் பக்கத்துக்குப் பக்கம் கோடு கிழித்திருக்கிறார், பென்சிலில்கூட இல்லை, நீலப் பேனாவில், அதுவும் அட்டவணைகளுக்கு நடுவில்! ஒவ்வொரு எண்ணும் 3ஆ 8ஆ என்று முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அட்டவணை என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். விற்றவர் 'நல்ல நிலையில்' என்று போட்டிருந்தார். நல்ல நிலையாம்! சரி, விடுங்கள்.

1974ல் தொடங்கிய குழு இது. டிவி செய்தி நடுநிலையானதா என்று உட்கார்ந்து வாதாடாமல், 1975ன் முதல் பாதியில் பிபிசி, ஐடிஎன் (தனியார் சேனலான ஐடிவிக்குச் செய்தி தயாரிக்கும் நிறுவனம்) செய்திகளை வீடியோவில் பதிவு செய்து எண்ணினார்கள். யாரைப் பேட்டி எடுத்தார்கள், எந்தச் சொல் யார் பக்கம் விழுந்தது, எல்லாம். வீட்டில் வீடியோ ரெக்கார்டர் இருப்பதே அபூர்வமான காலம்!

அதில் குப்பை லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம்தான் எனக்குப் பிடித்த பகுதி. தனியார் லாரி ஓட்டுநர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். திரையில் வந்தது குப்பை மேடு, சுகாதாரக் கேடு, அப்புறம் குப்பை அள்ள வந்த ராணுவம். நாடு முழுக்கப் போன செய்திகளில் போராடிய ஓட்டுநர் ஒருவரைக்கூடப் பேட்டி எடுக்கவில்லை. ஒருவரைக்கூட! ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன், இது நடந்ததே கிளாஸ்கோவில்தான், இந்த ஆய்வுக் குழுவின் வீட்டு வாசல் குப்பை.

ஒளிபரப்புக்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? 1985ல் அரசியல் பேராசிரியர் மார்ட்டின் ஹாரிசன் ஐடிஎன் செய்திப் பிரதிகளை வைத்துக்கொண்டு கிளாஸ்கோ குழுவை மறுத்தே ஒரு புத்தகம் எழுதினார். அதையும் தேடிக்கொண்டிருக்கிறேன், கோடு போடாத பிரதியாக.

எண்ணிக்கை மட்டும் போதாது, பார்ப்பவர் மண்டையில் என்ன தங்குகிறது என்பதற்குக் இதே குழுவின் கிரெக் ஃபிலோ 1990ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 1984-85 பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் போராட்டப் புகைப்படங்களை மக்கள் கையில் கொடுத்து, நீங்களே செய்தி எழுதுங்கள் என்றார். போராட்டம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் அச்சு அசலாக டிவி நடையில் எழுதினார்கள். மறியல் என்றாலே அடிதடிதான் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் நம்பினார்கள், மறியல் நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்தவர்களோ பெரும்பாலும் அமைதியாகத்தான் இருந்தது என்றார்கள். இந்த ஆய்வுக்கு மட்டும் தனி வீடியோ போடுகிறேன், ஒரு மணி நேரம் ஓடும், இப்போதே சொல்லிவிட்டேன்.