பட்டப்படிப்பில் சேருமுன் மூன்றாம் பருவத்தைத் திறந்து பாருங்கள்: கணினி, டிசைன், பொருளியல்

[திரை: மேசைமேல் மூன்று பாடத்திட்டப் புத்தகங்கள். ஒரு விரல் முதல் பக்கங்களைத் தள்ளிவிட்டு நடுவில் போய் நிற்கிறது.]

வணக்கம். கம்ப்யூட்டர் பிடிக்கும், அதனால் கணினித் தொழில்நுட்பம். படம் நன்றாக வரைய வரும், அதனால் கிராஃபிக் டிசைன். வணிகச் செய்திகளில் ஆர்வம், அதனால் பொருளியல். நிறையப் பேர் இப்படித்தான் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் பருவத்தில் அறிமுகப் பாடங்களே ஓடும் என்பதால் எந்தச் சிக்கலும் தெரியாது. பெரும்பாலும் மூன்றாம் பருவத்தில்தான் படிப்பு தன் சுயரூபத்தைக் காட்டும். எந்தக் கல்லூரியின் பாடத்திட்டம் கைக்கு வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறங்கள்.

[திரை: கறுப்புப் பின்னணியில் நிரல் வரிகள்.]

கணினிப் படிப்பில் அங்கே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் (தரவை அடுக்கிவைக்கும் முறைகள்) டிஸ்க்ரீட் மேத்ஸும் (தனித்தனி எண்ணிக்கைகளின் கணிதம்) ஜோடியாக நிற்கும். முதல் ஆண்டில் நிரல் ஓடினாலே மதிப்பெண் கிடைத்தது. இங்கே எத்தனை படிகளில் ஓடுகிறது என்று கேட்பார்கள்.

10 லட்சம் பெயர்கள் உள்ள பட்டியலில் ஒரு பெயரைத் தேட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், பெயர் கடைசியில் இருக்கும்போது 10 லட்சம் ஒப்பீடுகள். பட்டியல் அகர வரிசையில் இருந்தால் நடுப்பெயரைப் பார்க்கலாம், வேண்டாத பாதியைத் தள்ளலாம், மிச்சத்தின் நடுவைப் பார்க்கலாம். 20 ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும், ஏனென்றால் 2ஐ 20 முறை பெருக்கினாலே 10 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. வரிசைப்படுத்தாத பட்டியலில் இதே முறையைப் போட்டுவிடுவதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பிழைச் செய்தி எதுவும் வராது. இருக்கிற பெயரையே இல்லை என்று நிரல் சொல்லிவிடலாம். ஓடாத நிரலைவிட இப்படித் தவறாக ஓடும் நிரல்தான் ஆபத்தானது.

[திரை: 1, 1, 2, 3, 5, 8, 13, 21...]

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண். இந்த வரிசையை ரிகர்ஷனில், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைக்கும்படி, நாலைந்து வரிகளில் எழுதிவிடலாம். 30ஆவது, 35ஆவது, 40ஆவது எண் என்ன என்று கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 5க்கும் நேரம் ஏறத்தாழ 11 மடங்காகும். 40க்கு வரும்போது அந்த ஃபங்ஷன் 20 கோடிக்கும் அதிகமான முறை அழைக்கப்பட்டிருக்கும், கண்டுபிடித்த விடையையே திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பதால். விடைகளை ஓர் அரேயில், அதாவது வரிசையான பட்டியலில், சேமித்துவைத்தால் அதே வேலைக்கு 40 கூட்டல்கூடத் தேவையில்லை. ஏன் 11 மடங்கு என்ற கேள்வி உங்களை விடாமல் துரத்தினால், இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும்.

[திரை: சுவரில் குண்டூசியால் குத்திய சுவரொட்டி மாதிரிகள்.]

கிராஃபிக் டிசைனில் மென்பொருள் பழகுவது சிறிய பகுதி. எழுத்துருவியலும் கிரிட்டும் (பக்கத்தைப் பிரிக்கும் கட்டக் கோடுகள்) அச்சுக்கான தயாரிப்பும்தான் படிப்பின் முதுகெலும்பு. செய்ததைச் சுவரில் மாட்டுவார்கள், வகுப்பே சுற்றி நிற்கும், இந்தத் தலைப்பு ஏன் இங்கே, இந்த இடைவெளி ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். “பார்க்க நன்றாக இருந்தது” என்ற பதில் அங்கே எடுபடாது. நன்றாக வரையத் தெரிந்தவர்கள்கூட இந்தக் கட்டத்தில் திணறுவதைப் பார்க்கலாம். வரைவது வேறு, தகவலை அடுக்குவது வேறு.

அச்சுக்குக் கோப்பு தயாரிப்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். பின்னணி நிறம் ஓரம்வரை போக வேண்டுமென்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டியெறியும் கூடுதல் ஓரம், விட்டு 216க்கு 303 ஆகக் கோப்பை அமைக்க வேண்டும். வெட்டும்போது தாள் கொஞ்சம் நகர்ந்துவிடும். ப்ளீட் இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதே காரணத்துக்காக எழுத்துகளை வெட்டும் கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள்.

அடுத்து படத்தின் ரெசல்யூஷன், அதாவது பிக்சல் நெருக்கம். கையில் பிடித்துப் படிக்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. இணையத்திலிருந்து எடுத்த 800 பிக்சல் அகலப் படம் அந்தக் கணக்கில் 7 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. இழுத்துப் பெரிதாக்கினால் மங்கிவிடும். திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சையும் நீலமும் தாளில் சோர்ந்துபோவதற்குக் காரணம், திரையின் சிவப்பு-பச்சை-நீல ஒளி முறையான ஆர்ஜிபியில் உள்ள சில நிறங்கள், அச்சின் நாலு மைகளான சிஎம்ஒய்கேவால் (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) வரவே வராது என்பது. சிறிய கறுப்பு எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் கொடுங்கள். நாலு மைகளையும் கலந்தால், அச்சுத் தகடுகள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிறக்கசிவு தெரியும். இதைவிட மோசமான ஒன்று உண்டு. வெள்ளை எழுத்தில் ஓவர்பிரிண்ட், அதாவது அடியில் உள்ள நிறத்தை விலக்காமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு, போட்டுவிட்டால், திரையில் இருந்த எழுத்து அச்சில் காணாமலே போய்விடும். பிடிஎஃப்பை அனுப்புமுன் ஓவர்பிரிண்ட் முன்னோட்டத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள்.

தமிழில் வடிவமைப்பவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ‘கீ’, ‘தி’ போன்ற எழுத்துகள் மேலே சுழிக்கும், ‘கு’, ‘ழு’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கில் தொடங்கிப் பாருங்கள். ‘கெ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? மென்பொருள் தமிழ் எழுத்துகளைக் கோக்கவில்லை என்று பொருள், டைப் அமைப்பை மாற்ற வேண்டும். யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் எல்லாமே குப்பையாகிவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேருமுன் செய்து பார்க்க ஒரு பயிற்சி: ஒரு பக்க அறிவிப்பு, ஒரே எழுத்துரு, ஒரே நிறம், இரண்டே எழுத்தளவு. அதைப் பத்து விதமாக அடுக்குங்கள். மூன்றாவதோடு சலித்துப்போகிறதா, ஏழாவதுக்கு மேல் சுவாரசியம் பிடிக்கிறதா என்று கவனியுங்கள்.

[திரை: விலைக்கோடும் செலவு வளைகோடும் வெட்டிக்கொள்ளும் வரைபடம்.]

பொருளியலில் நுண்கணிதமும் புள்ளியியலும்தான் வாசற்படி. ஓர் எளிய கணக்கு. ஒரு பொருளின் சந்தை விலை 20. ஒரு தொழிற்கூடத்துக்கு, எதுவும் செய்யாவிட்டாலும் ஆகும் நிலையான செலவு 100, அதற்கு மேல் பொருள் எண்ணிக்கையின் 4 மடங்கும் அந்த எண்ணிக்கையின் வர்க்கமும் செலவாகின்றன. எத்தனை பொருள் செய்வது நல்லது? கூடுதலாக ஒன்று செய்ய ஆகும் செலவு விலையைத் தொடும் இடம் 8. இப்போது வரவு 160, செலவு 196, நட்டம் 36. ஏழு செய்தாலும் ஒன்பது செய்தாலும் நட்டம் 37. நட்டம்தானே, மூடிவிடலாமே என்று பலர் விடை எழுதிவிடுவார்கள். மூடினால் நிலையான 100 முழுக்க நட்டம். ஆகவே குறுங்காலத்தில் நட்டத்தோடும் உற்பத்தியைத் தொடர்வதே சரி. இந்த விடை உங்களைத் தாளும் பேனாவும் எடுத்துச் சரிபார்க்க வைத்தால் நல்ல அறிகுறி.

பிறகு எக்கனோமெட்ரிக்ஸ், அதாவது பொருளியல் தரவைப் புள்ளியியலால் ஆராயும் பாடம், வரும். தனிப்பயிற்சிக்குப் போகும் மாணவர்களின் சராசரி மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவு என்று ஒரு பள்ளித் தரவு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பயிற்சி கெடுக்கிறது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. ஏற்கெனவே பின்தங்கியவர்கள்தான் பயிற்சியைத் தேடிப் போயிருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பதற்குத்தான் இந்தப் பாடமே.

தரவைக் கையாளும் ஒழுக்கத்துக்கு ஒரு பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 2010இல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், அரசுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று வெளியிட்டார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பணிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்தபோது விடை பொருந்தவில்லை. எக்செல் சூத்திரத்தில் வரிசைகள் முழுதாகத் தேர்வாகாததால் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. விடுபட்ட ஆண்டுகளையும் நாடுகளுக்குத் தந்த எடையையும் (சராசரியில் ஒவ்வொரு நாட்டுக்கும் தரும் பங்கு) சேர்த்துத் திருத்தியபோது அந்தச் சராசரி 2.2 சதவீதமாக வந்தது. எக்செல் பிழையை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், எடை பற்றிய வாதம் தொடர்ந்தது. சூத்திரத்தின் எல்லையைக் கண்ணால் சரிபார்க்கும் பழக்கம் முதல் ஆண்டிலேயே வந்துவிட வேண்டும்.

[திரை: பாடத்திட்டத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் கோடு.]

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே ‘முன்தேவை’ என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. நுண்கணிதத்தில் தவறினால் புள்ளியியல் எடுக்க முடியாது, புள்ளியியல் இல்லாமல் எக்கனோமெட்ரிக்ஸ் கிடையாது. அந்தப் பாடத்தை ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் நடத்தும் கல்லூரியானால், ஒரு தாளில் தவறியதற்கு ஓராண்டே தள்ளிப்போகலாம். முன்தேவைகளை அம்புக்குறி போட்டு ஒரு தாளில் இணைத்துப் பாருங்கள். எந்தப் பாடத்திலிருந்து அதிக அம்புகள் கிளம்புகின்றனவோ, அது எல்லாப் பருவத்திலும் நடக்குமா என்று துறையில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.