அனுப்பினாரா, இல்லையா?

அவையோருக்கு வணக்கம்.

கடித ஆவணம் என்றால் வந்த கடிதங்களின் கட்டு என்றுதான் நினைப்போம். அனுப்பிய கடிதம்தான் கையைவிட்டுப் போய்விடுமே, அதன் நகல்? 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் மார்மன் சபை என்ற கிறித்தவப் பிரிவின் தலைவர்கள் அதற்கென்றே நகல் ஏடுகள் வைத்திருந்தார்கள். வெங்காயச் சருகு போன்ற தாள்கள். தாளை ஈரப்படுத்தி, தனி மையில் எழுதிய கடிதத்தோடு சேர்த்து இரும்பு அழுத்தியில் வைத்துத் திருகினால், மை கொஞ்சம் ஊறி ஒட்டிக்கொள்ளும். எழுத்து இடவலம் மாறித்தான் விழும். ஆனால் தாள் அவ்வளவு மெல்லியது, மறுபக்கம் வழியாக நேராகவே படிக்கலாம். 1918 முதல் 1945 வரை தலைவராக இருந்த ஹீபர் ஜே. கிரான்ட் கடிதங்களும் இப்படி ஏடு ஏடாக இருக்கின்றன. சிறுவயதில் அவருடைய கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று கேலி செய்தார்களாம். வீம்புக்கு எழுதி எழுதிப் பழகியே அழகான கையெழுத்துக்குப் பெயர் வாங்கினார்!

அப்புறம் தட்டச்சும் கார்பன் தாளும் வந்தன. இங்கேதான் ஒரு சிக்கல். அழுத்தி எடுத்த நகல், எழுதி முடித்த கடிதத்திலிருந்து எடுத்தது. கார்பன் நகலோ கடிதத்தோடு கூடவே பிறந்துவிடும். பிறகு கடிதத்தை அனுப்பினாலும், கிழித்துப் போட்டாலும் நகல் அதே நகல்தான்.

பி. எச். ராபர்ட்ஸ் கதையைப் பாருங்கள். இங்கிலாந்தில் பிறந்தவர், சபையின் மூத்த தலைவர்களில் ஒருவர், வாதத்தில் வல்லவர். 1921இல் வாஷிங்டனிலிருந்து ஒருவர் எழுப்பிய ஐந்து கேள்விகள் அவரிடம் வந்தன. ஜெருசலேமிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் வாழ்ந்ததாகச் சபையின் புனித நூலான மார்மன் புத்தகம் சொல்கிறதே, அப்படியானால் கொஞ்ச காலத்துக்குள் பழங்குடிகளுக்கு இத்தனை மொழிகள் எப்படி வந்தன? கொலம்பஸுக்கு முன்பே அங்கே குதிரை இருந்ததாகவும் சொல்கிறதே, அது ஏது? எஃகு, வளைவாள், பட்டு? ராபர்ட்ஸ் மழுப்பவில்லை. 141 பக்க ஆய்வு எழுதி, கிரான்டுக்கும், சபையின் உயர் குழுவினரான அப்போஸ்தலர்களுக்கும் டிசம்பர் 29 அன்று கடிதம் போட்டார். ஜனவரியில் கூடிப் பேசினார்கள். விடை கிடைக்கவில்லை. ஏமாற்றத்தை ஜனவரி 9 கடிதத்தில் கிரான்டிடமே சொல்லிவிட்டார். தலைவரிடம் அப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

சரி, அதோடு விட்டாரா? இன்னொரு ஆய்வும் எழுதினார். இது முதலாவதைவிடக் கூர்மையானது. அதனுடன் அனுப்புவதற்காக ஒரு கடிதம். நம் நம்பிக்கை அசையாதது, ஆகவே எதிர்ப்பாகச் சொல்லப்படும் எதையும் அஞ்சாமல் பார்க்கலாம் என்பது அதன் சாரம். தேதி மார்ச் 15, 1923. ஆண்டு தவறு, 1922 ஆகத்தான் இருக்கவேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஏனென்றால் 1922இலேயே சபை அவரைக் கிழக்கு மாநிலங்களுக்குப் பணியாற்ற அனுப்பிவிட்டது.

1927இல் அப்போஸ்தலர் ரிச்சர்ட் லைமனுக்கு எழுதும்போது, அந்த ஆய்வைச் சமர்ப்பிப்பதைத் தள்ளிவைத்ததாகவும், இன்னும் முன்வைக்க முடியவில்லை என்றும் சொல்கிறார். 1933இல் இறந்துபோனார். ஆய்வுகள் 1985இல்தான் அச்சேறின. அவர் விசுவாசத்தை இழந்தாரா, எதிர்வாதியின் வேடம் மட்டும் போட்டாரா என்று அன்று தொடங்கிய சண்டையில் இரு தரப்பும் கையில் எடுப்பது அந்த மார்ச் 15 கடிதத்தைத்தான். அதை அனுப்பினாரா, இல்லையா என்பதை நகல் மட்டும் சொல்லாது.