பின்மண்டைக்குக் கீழே ஒரு காற்றுக்குளம்: ஃபெங்ச்சி புள்ளி

(காட்சி: கணினி முன் குனிந்திருப்பவர் பின்கழுத்தைப் பிசைகிறார்.)

கழுத்து இறுகினால் கை தானாகப் பின்னால் போகும். பிசைவோம், ரெண்டு நிமிஷம் சுகம், அப்புறம் பழையபடிதான். சீன மருத்துவத்தில் இதற்கென்று தேடும் புள்ளி இன்னும் கொஞ்சம் மேலே, மண்டையோடு முடிகிற இடத்தில் இருக்கிறது.

(காட்சி: பின்தலை, நெருக்கத்தில்.)

காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பில் விரலை வையுங்கள். மண்டையோட்டின் அடிவிளிம்பைத் தடவிக்கொண்டே பிடரியின் நடுப்பகுதியை நோக்கி வாருங்கள். வழியில், இரண்டு தசைகளுக்கு நடுவே விரல் பொசுக்கென்று ஒரு குழிக்குள் இறங்கும். அதுதான். இன்னொரு பக்கமும் இதேபோல் ஒன்று உண்டு.

பெயர் ஃபெங்ச்சி. ஃபெங் என்றால் காற்று, ச்சி என்றால் குளம். உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதைகளை நாடி என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் பித்தப்பை நாடியில் உள்ள 44 புள்ளிகளில் இது 20-ஆவது. கழுத்துக்கும் பித்தப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்த நாடி கண்ணோரத்தில் தொடங்கி நாலாவது கால்விரல் வரை ஓடுவதாக அவர்கள் கணக்கு. சளி, தலைவலி எல்லாம் காற்றின் வேலை, அந்தக் காற்று பிடரி வழியாகத்தான் நுழைகிறது என்பது பழைய சீன நம்பிக்கை. அது வந்து தேங்கும் இடம் என்பதால் குளம்.

அறுத்துப் பார்த்தால் நாடி எதுவும் தென்படாது. ஆனால் அந்தக் குழிக்கு அடியில் மண்டையோட்டைக் கழுத்தோடு பிணைக்கும் குட்டித் தசைகள் இருக்கின்றன, பக்கத்துக்கு நாலு. சுமார் 5 கிலோ தலையை நாள் முழுக்க முன்னால் நீட்டி வைத்திருந்தால் அவை இறுகும். அந்த வலி நெற்றி வரை வரும். அழுத்தினால் இதமாக இருப்பதற்கு எனக்கு இந்தக் காரணமே போதும்.

(காட்சி: இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்தபடி.)

சரி, செய்து பார்ப்போம். விரல்களைக் கோத்துப் பின்தலையில் வையுங்கள். கட்டைவிரல்கள் இரண்டும் குழிகளில் உட்கார்ந்துகொள்ளும். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கு நுனியை நோக்கி மேல்வாக்கில் அழுத்துங்கள். மூச்சை விடும்போது அழுத்தம், இழுக்கும்போது தளர்வு. ஒரு நிமிஷம் போதும். சீனர்கள் அப்போது வரும் வலியை ‘சுவான்’ என்பார்கள், அதாவது புளிப்பு. பல் கூசுவதுபோல் ஒரு இன்பமான வலி. சுரீர் என்று குத்தினால் இடம் தவறு, அல்லது விரலில் பலம் அதிகம்.

சீனப் பள்ளிகளில் 1963 முதல், இதுபோன்ற புள்ளிகளை அழுத்தித் தேய்க்கும் கண் பயிற்சி உண்டு. 2008-இல் வந்த புதிய வடிவத்தில் இந்தப் புள்ளியும் சேர்ந்தது.

(காட்சி: கழுத்தின் முன்பக்கம், சிவப்புக் குறுக்குக்கோடு.)

விரல் கழுத்தின் முன்பக்கமோ பக்கவாட்டுக்கோ போகக் கூடாது. அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி துடிக்கிறது. அடிபட்ட கழுத்து, கை மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரென்று வெடிப்பதுபோன்ற தலைவலி இவற்றுக்கெல்லாம் நேரே மருத்துவமனைதான். அக்குபஞ்சர்போல் இந்தப் புள்ளியில் ஊசி குத்துவதையும் வீட்டில் முயல வேண்டாம்: இந்தக் குழிக்கு நேர் உள்ளே இருப்பது மூளைத்தண்டு.