கரண்டிக் காம்பும் டேப்லெட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தட்டையான ஒரு பலகை. நான்கு மூலைகளும் வளைந்திருக்கின்றன. முகப்பு முழுவதும் கண்ணாடி. இது எந்தக் கம்பெனியின் டேப்லெட் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞருக்கே முடியாமல் போனது. அந்தக் கதையைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பொருள்களின் தோற்றத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிப்பவர்களுக்குக் கோட்டுப் படம் வரைந்து கொடுப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாற்காலி, டார்ச் விளக்கு, செருப்பு, சீப்பு என்று கைக்கு வந்ததை எல்லாம் வரைந்திருக்கிறேன். படம் வரைகிறவனை வானொலியில் பேசக் கூப்பிட்டது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. சரி, வாயாலேயே வரைந்து பார்க்கிறேன்.

காப்புரிமை என்றால் புது இயந்திரம், புது மருந்து என்றுதான் நமக்கு நினைவு வரும். வடிவமைப்புக் காப்புரிமை வேறு ஜாதி. பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அது கேட்பதே இல்லை. எப்படித் தெரிகிறது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. அமெரிக்காவில் அப்படியொரு காப்புரிமையைப் பிரித்துப் பார்த்தால் உரிமை கோருகிற வாசகம் ஒரே ஒரு வரி இருக்கும். மற்றபடி படங்கள்தான் பேசும். ஐரோப்பாவில் இதையே பதிவு பெற்ற வடிவமைப்பு என்கிறார்கள்.

அந்தப் படங்களில் இரண்டு வகைக் கோடு உண்டு. முழுக்கோடு போட்டால் 'இது என்னுடையது' என்று பொருள். விட்டு விட்டுப் போகிற டாஷ் கோடு போட்டால், 'இது இங்கே இருக்கிறது, ஆனால் நான் உரிமை கேட்கவில்லை' என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தண்ணீர்க் குடுவை வரைந்தேன். வாடிக்கையாளருக்கு வேண்டியது குடுவையின் இடுப்பு வளைவு மட்டும்தான். நான் மூடியையும் சேர்த்து அழகாக முழுக்கோட்டில் போட்டுக் கொடுத்துவிட்டேன். போட்டிக்காரர் அதே இடுப்பை எடுத்துக்கொண்டு, மூடியை மட்டும் மாற்றிச் சந்தைக்கு வந்தார். மொத்தத் தோற்றம் வேறு என்று சுலபமாக வாதாட முடிந்தது. ஒரு மூடி. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது டேப்லெட்டுக்கு வருவோம். 2004 மார்ச்சில் ஆப்பிள் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் போட்டது. அடுத்த வருடம் மே மாதம் காப்புரிமை கிடைத்தது. 504889 என்று எண். வழக்கில் எல்லோரும் 889 என்றே சொன்னார்கள். வடிவமைத்தவர்கள் பட்டியலில் 14 பேர். ஸ்டீவ் ஜாப்ஸ், ஆப்பிளின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஜோனாதன் ஐவ் இரண்டு பேரும் அதில் உண்டு. தேதியைக் கவனியுங்கள்: 2004. ஐபேட் கடைக்கு வந்தது 2010 ஏப்ரலில். ஆக, அந்தப் படத்தில் இருப்பது நமக்குத் தெரிந்த ஐபேட் இல்லை. அதைவிடத் தடிமனான ஒரு பலகை. முகப்பில் அந்த வட்டப் பொத்தான்கூடக் கிடையாது. ஒரு படத்தில் ஒரு மனிதர் அந்தப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார். மனிதர் டாஷ் கோட்டில் இருக்கிறார். அவர் மேல் ஆப்பிளுக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

2011 ஏப்ரலில் ஆப்பிள் கலிபோர்னியாவில் சாம்சங் மீது வழக்குப் போட்டது. போன்களும் அதில் உண்டு, டேப்லெட்டும் உண்டு. டேப்லெட் பக்கம் மாட்டியது கேலக்ஸி டேப் 10.1. அந்த அக்டோபரில் ஒரு நாள் விசாரணையின்போது நீதிபதி லூசி கோ இரண்டு டேப்லெட்டுகளையும் கையில் எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். சாம்சங் வழக்கறிஞரைப் பார்த்து, இதில் உங்களுடையது எது என்று கேட்டார். சுமார் பத்தடி தூரம். இந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை என்றார் வழக்கறிஞர். கொஞ்சம் பொறுத்து, அதே தரப்பில் இன்னொருவர் சரியாகச் சொன்னார்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சாம்சங் கதை முடிந்தது என்றார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. பத்தடி தூரத்தில் நின்று யாராவது டேப்லெட் வாங்குவார்களா? எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும், எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும், யார் பார்க்கவேண்டும்? வடிவமைப்பு வழக்குகளில் உள்ளே போய்ப் பார்த்தால் இதுதான் சண்டை. யாருடைய கண்?

இங்கே நான் கரண்டிக்குப் போயாக வேண்டும். என் வீட்டில் யாரிடமும் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

கோர்ஹாம் என்று அமெரிக்காவில் ஒரு வெள்ளிச் சாமான் கம்பெனி. 1861-ல் கரண்டி, முள்கரண்டிகளின் காம்புக்கு ஒரு வடிவத்தைக் காப்புரிமை செய்தார்கள். காட்டேஜ் என்று அதற்குப் பெயர். நன்றாக விற்றது. விற்றால் சும்மா இருப்பார்களா? ஒயிட் என்பவர் கிட்டத்தட்ட அதே மாதிரி காம்போடு கரண்டி விற்க ஆரம்பித்தார். அவரும் சும்மா வரவில்லை. 1867-லும் 1868-லும் தன் வடிவங்களுக்குத் தனியாகக் காப்புரிமை வாங்கியிருந்தார்.

வழக்கு வந்தது. வெள்ளி வியாபாரத்தில் இருப்பவர்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் ஒயிட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தொழில் தெரிந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறதே, அப்புறம் எப்படி இது நகல் ஆகும் என்றது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது.

1871-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாகத் திருப்பியது. தொழில் தெரிந்தவனை ஏமாற்றும் அளவுக்கு ஒன்றைப் போல் இன்னொன்றை மனிதன் எந்தக் காலத்திலும் செய்ததில்லை, ஆகவே நிபுணர் கண்தான் அளவுகோல் என்றால் திருட்டு என்று ஒன்றே இருக்க முடியாது என்றார்கள். சாதாரணமாகப் பொருள் வாங்குகிறவர், வாங்கும்போது வழக்கமாகக் கொடுக்கிற கவனத்தோடு பார்த்து, இதை அது என்று நினைத்து வாங்கிவிடுவாரா? கேள்வி அதுதான் என்றார்கள். சாதாரணப் பார்வையாளர் சோதனை என்று அதற்குப் பெயர் வந்தது. ஒரு கரண்டிக் காம்புக்காகப் பிறந்த அந்தச் சோதனை 2012-ல் டேப்லெட் முன்னால் வந்து நின்றது. நூற்று நாற்பது வருடம்.

ஆனால் கரண்டியையும் டேப்லெட்டையும் ஒரே கவனத்தோடு யாராவது வாங்குகிறோமா? கரண்டி ஒரு டஜன் கொடு என்போம். டேப்லெட் என்றால் தூக்கிப் பார்ப்போம், திருப்பிப் பார்ப்போம், நாலு பேரிடம் விசாரிப்போம். 'வழக்கமாகக் கொடுக்கிற கவனம்' என்ற அந்தச் சின்னச் சொற்றொடருக்குள்தான் மொத்த வழக்கும் ஒளிந்திருக்கிறது.

இப்போது லண்டன். ஐரோப்பாவில் ஆப்பிள் பதிவு செய்திருந்த டேப்லெட் வடிவத்தை வைத்து அங்கேயும் இரண்டு கம்பெனிகளுக்கும் வழக்கு. அங்கே பார்க்கவேண்டியது சாதாரணப் பார்வையாளர் இல்லை. விவரம் தெரிந்த பயனர் என்று ஒருவர். அவர் நிபுணரும் இல்லை, விவரமில்லாதவரும் இல்லை. அந்த வகைப் பொருள்களில் இதற்கு முன் என்னென்ன வந்திருக்கிறது என்று தெரிந்தவர். ஓர் இரட்டைக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் போகிறவருக்கு இரண்டும் ஒன்று. பெற்றவளுக்குக் குழப்பமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறாரே, முதல் வாரம் குழம்பி, அப்புறம் பிடித்துக்கொள்வார். விவரம் தெரிந்த பயனர் என்றால் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

நீதிபதி காலின் பர்ஸ் 2012 ஜூலையில் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி இவ்வளவு வெளிப்படையாக எழுதி நான் அதிகம் படித்ததில்லை. முதல்முறை சாம்சங் டேப்லெட்டுகள் மேசையில் கிடந்ததைப் பார்த்தபோது ஆப்பிள் வடிவத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று எனக்கே பட்டது என்கிறார். ஆனால் அப்போது நான் விவரம் தெரிந்த பயனர் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். அதற்கு முன்பு வந்த பழைய வடிவங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்த பிறகு, தட்டையான கண்ணாடி முகப்பு ஊரில் ஏற்கெனவே பலரிடம் இருந்த முகம் என்று தெரிந்தது. முகம் பொது என்று ஆகிவிட்டால் கண் வேறு எங்கே போகும்? தடிமனுக்கும் முதுகுக்கும் போகும். சாம்சங் மெலிசு, முதுகில் வேறு மாதிரி வேலைப்பாடு. ஆகவே மீறல் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். சாம்சங் டேப்லெட்டுகளில் ஆப்பிள் வடிவத்தின் அந்த அடக்கமான எளிமை இல்லை, அவை அந்த அளவுக்குக் 'கூல்' இல்லை என்றும் எழுதிவிட்டார். நம் பிள்ளைகள் மொழியில் சொன்னால், அதில் இருக்கிற கெத்து இதில் இல்லை. கெத்து இல்லாததால் சாம்சங் ஜெயித்தது. ஜெயித்தவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

சாம்சங் நகல் எடுக்கவில்லை என்று ஆப்பிளே தன் இணையதளத்திலும் பத்திரிகைகளிலும் அறிவிப்புப் போடவேண்டும் என்று உத்தரவும் வந்தது. அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. நான் எப்போதும் சொல்வதை அங்கே நீதிபதி சர் ராபின் ஜேக்கப் சொன்னார்: ஐபேடைப் பார்த்து நகல் எடுத்தார்களா என்பது இங்கே வழக்கே இல்லை, பதிவு செய்த வடிவத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டார்களா என்பதுதான், அந்த வடிவம் ஐபேடே இல்லை என்றார். படத்தோடு ஒப்பிடவேண்டும், பொருளோடு இல்லை. மறுபடியும் சொல்கிறேன், படத்தோடு. கடையில் விற்ற ஐபேடைவிட 2004-ல் போட்ட கோடுகளுக்குத்தான் அங்கே மதிப்பு.

ஆப்பிள் அறிவிப்புப் போட்டது. போட்டதோடு, நீதிபதி சொன்ன அந்தக் கூல் வாக்கியத்தையும் மேற்கோள் காட்டி, மற்ற நாடுகளில் நாங்கள் ஜெயித்தோம் என்கிற மாதிரியும் சேர்த்துக்கொண்டது. மன்னிப்புக் கடிதத்தில் சொந்தப் பெருமை. நீதிமன்றத்துக்குக் கோபம் வந்தது. 48 மணி நேரத்தில் எடுங்கள் என்றார்கள். திருத்தியதைப் போட ஆப்பிள் தரப்பு 14 நாள் கேட்டது. ஒரு கணினிக் கம்பெனி, தன் இணையதளத்தில் நாலு வரி மாற்ற 14 நாள்! கிடைக்கவில்லை.

ஜெர்மனியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டூசல்டார்ஃப் நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் கேலக்ஸி டேப் 10.1-க்குத் தடை போட்டது. சாம்சங் உலோக விளிம்பை முகப்புப் பக்கம் கொஞ்சம் கொண்டுவந்து 10.1என் என்று புதிதாக ஒன்றை இறக்கியது. அது போதும் என்று 2012 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு விளிம்பு. என் குடுவை மூடியை நினைத்துக்கொண்டேன். அந்த வழக்கில் ஆப்பிள் கொடுத்த ஒப்பீட்டுப் படத்தில் கேலக்ஸி டேப்பின் நீள அகலம் நிஜத்தில் இருப்பது போல் இல்லை, ஐபேடின் வாகுக்கு நெருங்கி வந்திருக்கிறது என்று டச்சுப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தார்கள். வேண்டுமென்றா, கைத்தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் வரைகிறவன் கண்ணில் அது முள் மாதிரி குத்தும்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார். கலிபோர்னியாவை முடித்துவிடுகிறேன்.

2012 ஜூன் 26 அன்று நீதிபதி கோ கேலக்ஸி டேப் 10.1 விற்பனைக்கு இடைக்காலத் தடை போட்டார். தடை தவறு என்று பின்னால் தெரிந்தால் சாம்சங்குக்கு ஈடாக இருக்கட்டும் என்று ஆப்பிளிடம் 26 லட்சம் டாலருக்குப் பிணை வாங்கிக்கொண்டார். ஆகஸ்ட் 24 அன்று ஜூரியின், அதாவது வழக்கைக் கேட்க உட்காரவைத்த பொதுமக்கள் குழுவின், ஒன்பது பேரும் தீர்ப்புச் சொன்னார்கள். போன்களுக்கு சாம்சங் ஏறக்குறைய 105 கோடி டாலர் கட்டவேண்டும். டேப்லெட்? 889-ஐ மீறவில்லை. அக்டோபரில் தடையும் போயிற்று. அதற்குள் சாம்சங் அடுத்த மாடலையே விற்க ஆரம்பித்திருந்தது.

ஜூரி காரணம் எழுதுவதில்லை. என் ஊகம் இது: மூன்று வாரத்துக்கு மேல் அந்தப் படத்தையும் பொருளையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் சாதாரணப் பார்வையாளராக எப்படி இருப்பார்கள்? அவர்களும் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார்கள். தப்பு என்று சொல்லவில்லை. திரையை முகப்பில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? இந்த மாதிரிப் பொருளுக்கு லண்டன் கண்தான் சரி என்பது என் கட்சி. கரண்டிக்குக் கரண்டிக் கண் போதும்.

பணத்தைப் பற்றி விரிவாகப் பேச எழுதி வைத்திருந்தேன், இரண்டு பக்கம். வாசிக்க நேரமில்லை. 1880-களில் கம்பள வடிவத்தைத் திருடியவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தில் 6 சென்ட்தான் விழுந்தது. கொதித்துப்போய் 1887-ல் மொத்த லாபத்தையும் வாங்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மொத்தம் என்றால் முழுப் போனின் லாபமா, அதன் வெளிக்கூட்டின் லாபமா என்று கேட்டுக்கொண்டு சாம்சங் உச்ச நீதிமன்றம் போனது. 2016 டிசம்பரில் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில், முழுப் பொருளாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்றார்கள். எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்லவில்லை. 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. ஜூனில் இரண்டு கம்பெனிகளும் சமாதானம் ஆகிவிட்டன. எவ்வளவுக்கு என்று வெளியே சொல்லவில்லை.

சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.